ஒரே வால்வு, மூன்று வேலை

ஒரு மரப்பலகை. அதன்மேல் கையால் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், சில பித்தளைத் திருகுகள், நடுவே பல்பு அளவில் ஒரு கண்ணாடி வால்வு. 1920களில் அமெரிக்க வீடுகளில் ஏராளமானோர் தாங்களே செய்துகொண்ட ரேடியோ இதுதான். 1920 நவம்பர் 2 அன்று பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதற்குப்பின் நாடெங்கும் ரேடியோ மோகம் பரவியது. கடை ரேடியோ வாங்க வசதியில்லாதவர்கள் ஓட்ஸ் வந்த அட்டை டப்பாவில் கம்பியைச் சுற்றி வேலையைத் தொடங்கினார்கள். வால்வின் விலையும் அதிகம். அதனால் ஒன்றை வைத்தே எல்லா வேலையையும் முடித்தார்கள். பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்று இவற்றைத் தேடி அலைவதற்கு அந்தச் சாமர்த்தியமும் ஒரு காரணம்.

வால்வின் உள்ளே காற்று கிடையாது. மூன்று உலோகப் பாகங்கள் மட்டும்: நடுவில் இழை, அதைச் சூழ்ந்து கம்பிவலை, வெளியே தகடு. இழை சூடேறியதும் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. தகட்டுக்கு 45 வோல்ட் பேட்டரியை இணைத்தால் அவை அதை நோக்கிப் பாய்கின்றன. தகட்டைத் தொடும்போது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். அதே வேகத்தில் போனால் பூமியைப் பத்தே நொடியில் சுற்றிவிடலாம்! இழையும் தகடும் மட்டும் கொண்ட வால்வை 1904இல் ஜான் ஃபிளெமிங் உருவாக்கினார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது பாகமாகக் கம்பிவலையைச் சேர்த்தார். அதன் மின்னழுத்தம் இம்மியளவு மாறினாலும் தகட்டுக்குப் போகும் மின்னோட்டம் அதற்கேற்பக் கூடும், குறையும். சிறியதைக்கொண்டு பெரியதை ஆளும் இந்த வித்தைதான் பெருக்கம்.

இழையிலும் ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. தொடக்ககால 201 வால்வின் டங்ஸ்டன் இழைக்கு 1 ஆம்பியர் மின்சாரம் வேண்டியிருந்தது. அடுத்து வந்த 201ஏ வால்வில் டங்ஸ்டனோடு துளி தோரியம் சேர்த்தார்கள், 0.25 ஆம்பியரே போதுமானது. காரணம், சூட்டில் தோரியம் மேற்பரப்புக்கு வந்து, ஒரே ஓர் அணுவின் கனத்தில் படலமாகப் படிகிறது. அந்தப் படலம் எலெக்ட்ரான்களை எளிதில் வெளியே விடுகிறது. படலம் தேய்ந்துபோனால் வால்வு சோர்ந்துவிடும். ஆனால் சில நொடிகள் இழைக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து, பிறகு சற்று நேரம் மிதமான சூட்டில் வைத்தால், உள்ளிருந்து புதுத் தோரியம் மேலே வரும். நூறாண்டு பழைய வால்வுகள் சிலவற்றைச் சேகரிப்பாளர்கள் இப்படித்தான் உயிர்ப்பிக்கிறார்கள்.

இனி அலையைப் பிடிக்க வேண்டும். ஆன்டெனாவில் எல்லா நிலையங்களின் அலைகளும் ஒன்றாக வந்து மோதுகின்றன. சுருளும், அதோடு இணைந்த மின்தேக்கியும் (மின்னூட்டத்தைச் சேமித்துத் திருப்பித் தரும் தகடுகள்) குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டுமே அதிரும். குமிழைத் திருகி அதை நொடிக்கு 10 லட்சம் அதிர்வுக்கு வைத்தால், 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையம் மட்டும் ஓங்கி நிற்கும்.

அவ்வளவு வேகமான அதிர்வு காதுக்குக் கேட்காது. அதன் ஏற்ற இறக்கத்தில் பொதிந்திருக்கும் குரலைப் பிரித்தெடுப்பது வால்வின் முதல் வேலை. அலை நேர்மின் பக்கம் ஏறும்போதெல்லாம் கம்பிவலை சில எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்கிறது. அவை ஏறக்குறைய 20 லட்சம் ஓம் மின்தடை வழியே மெல்லக் கசிந்து வெளியேறுகின்றன. இப்படிச் சேர்வதும் கசிவதும் குரலின் வடிவத்தையே பின்பற்றுகின்றன. அந்த மின்தடையைக் காகிதத்தில் பென்சிலால் கோடு இழுத்தே செய்துகொண்டவர்கள் உண்டு. பென்சிலின் கிராஃபைட் மின்சாரத்தைச் சிறிதளவு கடத்தும். கோட்டைத் தடிப்பாக்கினால் தடை குறையும்.

பிரித்த குரலைப் பெருக்கி ஹெட்போனுக்கு அனுப்புவது இரண்டாவது வேலை. மூன்றாவது வேலையைக் கண்டுபிடித்தவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். 1912இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். 1914இல் காப்புரிமை பெற்றார். தகட்டிலிருந்து வெளிவரும் பெருக்கப்பட்ட அலையில் கொஞ்சத்தை இன்னொரு சிறு சுருள் வழியாக முதல் சுருளுக்கே திருப்பி அனுப்பினார். இதுவே பின்னூட்டம். ஊஞ்சல் திரும்பி வரும்போதெல்லாம் லேசாக ஒரு தள்ளு கொடுத்தால் அது ஓயாமல் ஆடுமல்லவா? அதேபோல, கம்பியின் தடையில் வீணாகும் ஆற்றலை ஒவ்வொரு அதிர்விலும் வால்வு ஈடுகட்டுகிறது. ஒலி பல நூறு மடங்கு வலுக்கிறது. அடுத்தடுத்த நிலையங்களும் தெளிவாகப் பிரிகின்றன.

தள்ளு சற்று மிகுந்தால் கதை மாறிவிடும். வெளியிலிருந்து அலையே வராவிட்டாலும் சுருள் தானாக அதிரத் தொடங்கும். ரேடியோ ஒரு குட்டி ஒலிபரப்பியாகிவிடும்! அக்காலத்தில் ஒருவர் பின்னூட்டக் குமிழை அளவுக்கு மீறித் திருகினால் அண்டை வீட்டு ரேடியோக்கள் கீச்சிட்டன. அதை ஆம்ஸ்ட்ராங் குறையாகப் பார்க்கவில்லை. ஒரே சீராக அலைகளை உண்டாக்கும் வழி அதில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். வால்வு ஒலிபரப்பிகள் அந்த வழியில்தான் பிறந்தன. உங்கள் கைபேசிக்குத் தாளம் போடும் சிறு குவார்ட்ஸ் படிகமும் இன்று பின்னூட்டத்தால்தான் ஓயாமல் அதிர்கிறது. ஓட்ஸ் டப்பாவில் கம்பி சுற்றியவர்கள், இன்றைய மின்னணுவியலின் அடிப்படைகளில் ஒன்றைத் தங்கள் விரல்நுனியால் திருகிப் பார்த்திருக்கிறார்கள்.