‘பணம் செலுத்துக’ பொத்தானுக்குப் பின்னால் ஒரு பாகுக் கொப்பரை

இணையத்தில் கடலை மிட்டாய் வாங்குகிறவர் கண்ணில் படுவது ‘பணம் செலுத்துக’ என்ற பச்சைப் பொத்தான் மட்டும்தான். அந்தப் பொத்தானை எந்த நிறுவனத்தை நம்பி ஒப்படைப்பது என்று ஒரு கடையே கூடி மல்லுக்கட்டும் கூத்தைப் பார்க்க நமக்கு அனுமதி கிடைத்துவிட்டது! ஊர் கோவில்பட்டி. முன்வாசல் வாடிக்கையாளருக்கு, நாம் கொல்லைப்புறமாகப் போகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். தலை பத்திரம், நிலை தாழ்வு.

உள்ளே அனல் அடிக்கிறது. இந்தப் பக்கம் வெல்லப்பாகு கொதிக்கிறது. அந்தப் பக்கம் வறுத்த கடலையைப் புடைத்துத் தோலைப் பறக்கவிடுகிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் இப்படித்தான் பலகையில் கொட்டித் தேய்க்கப்பட்டு, துண்டாகிறது. நடுவில் அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் ஒரு மடிக்கணினி. வலைத்தளம் செய்துகொடுக்கும் தம்பி அதை அடிக்கடி கவிழ்த்துத் தட்டுகிறார். விசைகளுக்கு இடையிலிருந்து கடலைத் தோல் உதிர்கிறது. “அக்கா, ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க!” “திருப்புனா பாகு ஆறிரும் தம்பி, விசிறிக்கோங்க.” தம்பியின் கையில் மிட்டாய்ப் பெட்டியின் மூடி கிடைக்கிறது.

இதுவரை வெளியூர் வியாபாரமெல்லாம் ஒரு நீள நோட்டில் நடந்திருக்கிறது. புரட்டிப் பார்க்கிறோம்: பெயர், ஊர், எத்தனை கிலோ, கடைசியில் ‘வந்தது’ என்றொரு கட்டம். ஓரமெல்லாம் வெல்லக்கறை படிந்த விரல் ரேகை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். கடைக்குச் சொந்தக்காரரான அக்கா க்யூஆர் படத்தை அனுப்புவார். அவர்கள் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவார்கள். ராத்திரி கடையடைத்த பிறகு வங்கிக் குறுஞ்செய்தியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கடைசிக் கட்டத்தில் பல இடங்களில் கேள்விக்குறி. “ஒரே படத்தை ரெண்டு தடவை அனுப்பி ரெண்டு பார்சல் வாங்கிட்டாரு ஒரு புண்ணியவான்” என்று அக்கா சொல்ல, பொட்டலம் கட்டுகிற பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். அந்தக் கேள்விக்குறிகளை ஒழிக்கத்தான், இணையத்தில் பணத்தை வாங்கிக் கடையிடம் சேர்க்கும் பேமென்ட் கேட்வே.

சுவரைப் பாருங்கள். சாமி காலண்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் துண்டுச்சீட்டுகளில் அந்தச் சேவை தரும் நிறுவனங்களின் பெயர்கள்: சிசிஅவென்யூ, பேயு, இன்ஸ்டாமோஜோ, ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ. சிலவற்றின் கீழே பிறந்த வருஷம்கூட இருக்கிறது. ரேஸர்பே 2014, கேஷ்ஃப்ரீ 2015. கணக்கு பார்க்கும் அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கிறார். பேபால் சீட்டின் மேல் சிவப்புக் கோடு. இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களை அது 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. “துபாய்ல இருந்து ஆர்டர் வந்தா அப்ப எடுப்போம்” என்று தம்பி சீட்டைப் பத்திரப்படுத்துகிறார்.

இனி கணக்கு. மிட்டாய் உறையின் பின்பக்கம்தான் காகிதம். 500 ரூபாய்க்கு ஒரு பார்சல். நெட்பேங்கிங்கில் கட்டினால் கட்டணம் 2 சதவீதம் என்றால் 10 ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 1 ரூபாய் 80 காசு. ஆக 11.80 போய், கைக்கு வருவது 488.20. “கட்டணத்துக்கும் வரியா?” அக்கா கரண்டியோடு நிற்கிறார். “யுபிஐல கட்டுனா அந்த வணிகக் கட்டணம் கிடையாதுக்கா. ரூபே டெபிட் கார்டுக்கும் அப்படித்தான். 2020 ஜனவரியில இருந்து பூஜ்யம்.” அண்ணாச்சி முகம் மலர்கிறது. “அப்ப எல்லாரையும் யுபிஐலயே போடச் சொல்லு!” “இருங்க அண்ணாச்சி. நடுவுல இருக்கிற கம்பெனி தன் பங்குக்கு பிளாட்ஃபார்ம் ஃபீஸ்னு தனியா வாங்குதான்னு கேக்கணும்லா?” அண்ணாச்சி பேனாவை மூடுகிறார். “ரயில் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள பிளாட்ஃபார்ம் டிக்கெட்டா!”

அடுத்து, விண்ணப்பத்துக்காகத் தகரப்பெட்டி திறக்கிறது. பான் அட்டை, பாஸ்புக், உணவு உரிமம் எல்லாம் தரையில் பரப்பியாகிறது. வேர்வை இங்கேதான் அதிகம். பான் அட்டையில் அக்காவின் இனிஷியல் அப்பா பெயராக முழுசாக விரிந்திருக்கிறது. பாஸ்புக்கில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. கடைப்பலகையில் மூன்றாவதாக ஒரு பெயர். விண்ணப்பத்தை ஒரு நிறுவனம், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. “மூணும் நான்தான்னு ஊருக்கே தெரியும்” என்கிறார் அக்கா. கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையே! ரத்து செய்த காசோலை ஒன்றும் வங்கிக் கடிதமும் தயாராகின்றன.

வலைத்தளத்தில் விலாசம், தனியுரிமை, விதிமுறை, டெலிவரி, பணம் திருப்பித் தருவது பற்றியெல்லாம் தனித்தனிப் பக்கம் இருந்தால்தான் இந்த நிறுவனங்கள் கதவைத் திறக்கும். கடைசிப் பக்கத்தை எழுதும்போது வேலை மொத்தமும் நின்றுபோகிறது. “பாதி தின்னுட்டுப் பிடிக்கலைன்னா?” “உடைஞ்சு வந்தா?” “கடலை மிட்டாய் உடையத்தான செய்யும்!” ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள். பொட்டலம் கட்டுவதில் மூத்தவரான ஆச்சி முடித்துவைக்கிறார்: “நசுங்கிப் போயிருந்தா போட்டோ அனுப்பட்டும், வேற அனுப்பிருவோம். தின்னு பாத்துட்டுக் கேட்டா, இல்ல.” தம்பி வார்த்தை மாறாமல் தட்டச்சு செய்கிறார்.

இதோ, காத்திருந்த கட்டம்! டெஸ்ட் மோட். உண்மைப் பணம் நகராத ஒத்திகை. 4111 1111 1111 1111 என்று உலகெங்கும் புழங்கும் போலி அட்டை எண்ணைத் தட்டி, தம்பி 100 கிலோ ஆர்டர் போடுகிறார். திரையில் பச்சை டிக். எல்லாரும் கைதட்ட, அண்ணாச்சி மட்டும் பதறுகிறார்: “நூறு கிலோவா! கடலை எங்க இருக்கு?”

அப்புறம் தம்பி வேண்டுமென்றே ‘தோல்வி’ பொத்தானை அமுக்குகிறார். சுவாரசியமே இதில்தான். கடைசிச் சுற்றுக்கு வந்த இரண்டில் ஒரு நிறுவனத்தின் பக்கம் வெள்ளையாக நின்றுவிடுகிறது. பணம் போனதா இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை. இன்னொன்று, பணம் போகவில்லை என்று சொல்லி, மறுபடி முயலப் பொத்தானும் தருகிறது. அக்கா உடனே இரண்டு உதவி எண்களையும் ஸ்பீக்கரில் போட்டு அழைக்கிறார். ஓரிடத்தில் இசை, இசை, மேலும் இசை. இன்னோரிடத்தில் ஒரு பெண் எடுத்துத் தமிழிலேயே பேசுகிறார். “வாடிக்கையாளர் கணக்குல பணம் போயிருச்சு, எனக்கு ஆர்டர் விழல, அப்ப என்ன?” நிதானமாகப் பதில் வருகிறது: அப்படிச் சிக்கிய பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி அது. அக்கா ஃபோனை வைத்துவிட்டு அந்த நிறுவனத்தின் சீட்டின் மேல் பாகுக் கையாலேயே ஒரு புள்ளி வைக்கிறார். தேர்வு முடிந்தது. கட்டணத்தில் இரண்டும் ஒன்றுதான்.

நிஜ ஒத்திகை ஒரு ரூபாய்க்கு. அக்கா தன் கடையிலேயே வாங்குகிறார்; பணம் போன செய்தி வருகிறது. அண்ணாச்சி வங்கிச் செயலியைத் திறந்து, “காசு எங்க?” என்கிறார். இடைநிறுவனம் ஒரு வங்கியில் வைத்திருக்கும் தனிக்கணக்கில் முதலில் தங்கி, பெரும்பாலும் இரண்டு வேலைநாள் கழித்துத்தான் கடைக்கு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விற்றது செவ்வாய்க்கிழமை கையில். “தீபாவளிக்குக் கடலைக்காரன் அதுவரைக்கும் பொறுப்பானா?” என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி நோட்டில் புதுக் கட்டம் ஒன்று கிழிக்கிறார்: ‘வரவேண்டியது’.

சின்ன வலைத்தளம் வைத்திருக்கும் வாசகரே, நீங்களும் தேடிக்கொண்டிருந்தால் சதவீதத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக் கட்டணம், பிளாட்ஃபார்ம் ஃபீஸ் உண்டா, பணம் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். பான் அட்டையும் பாஸ்புக்கும் ஒரே பெயர் சொல்கின்றனவா என்று இன்றே பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு பரிவர்த்தனையை வேண்டுமென்றே தோற்கவைத்து, உதவி எண்ணை அழையுங்கள். ஃபோனை எடுத்து ஒழுங்காகப் பதில் சொல்கிறவர் எவரோ, அவரிடமே உங்கள் கல்லாவைக் கொடுங்கள்.