ஒட்டுப்பாலை எறிவோமா?

பால்மரம் வெட்டும் நாம் தொழிலில் எதனையும் வீணாக்குவதில்லை. வெட்டுக்கோட்டில் காய்ந்து படிந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பின்னரே மறுநாள் கத்தி வைக்கிறோம். மங்கில் உறைந்துவிட்ட கட்டிப்பாலையும் சாக்கில் சேர்த்து நிறுவைக்குக் கொண்டு செல்கிறோம். 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலேசியத் தர ரப்பர்த் திட்டத்தின்கீழ், அக்கட்டிப்பால் நொறுக்கிக் கழுவி உலர்த்தப்பட்டுப் பாளமாகிறது. பின்னர் வாகனங்களுக்கு டயராகிறது. கழிவும் காசாகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆயினும், வீட்டில் நாம் இவ்வறிவைப் பயன்படுத்துகிறோமா? மீன் டின், போத்தல், பிளாஸ்டிக் பை, மிஞ்சிய சோறு ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கலந்து லயத்தின் பின்புறம் கொட்டுகிறோம், அல்லது கொளுத்திவிடுகிறோம். பிளாஸ்டிக் எரியும் புகை நச்சுப்புகை. அதனை முதலில் சுவாசிப்பவர்கள் அருகில் விளையாடும் நம் குழந்தைகளே.

கொட்டிய டின்னில் மழைநீர் தேங்கினால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் உயிருடன் காத்திருக்கும். எனவே வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களிலுள்ள மங்குகளையும் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.

குப்பை லாரி ஏற்றிச் செல்வதும் மறைந்துவிடுவதில்லை. குப்பை நிலத்தில் காற்றுப் புகாமல் அழுகும் உணவு, மீத்தேன் எனும் எரிவாயுவை வெளியிடுகிறது. அதிலிருந்து வடியும் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் அபாயமும் உண்டு.

இதற்கு வழி என்ன? முதலாவது, வகைப்பிரித்தல். ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில், 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ், 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஏனைய மாநிலங்களிலும் இப்பழக்கம் நன்மையே தரும். தாளுக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்கிற்கும் உலோகத்திற்கும் ஆரஞ்சு என மறுசுழற்சித் தொட்டிகளின் நிறங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதுப்பிக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே போதும். ஆதலால்தான் பழைய சாமான் வாங்குபவர் பானக் குவளைகளை விரும்பி வாங்குகிறார்.

இரண்டாவது, மறுபயனீடு. அடியில் துளையிட்ட டின்னில் கறிவேப்பிலைக் கன்று வளர்க்கலாம். துளை இன்றியமையாதது, இல்லையேல் நீர் தேங்கும். நன்கு கழுவிய கண்ணாடிப் போத்தலில் பருப்போ ஊறுகாயோ சேமிக்கலாம். காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு மண் தூவி வந்தால், சில மாதங்களில் கீரைப் பாத்திக்கு உரம் கிடைக்கும்.

எனினும் ஒரு பொருளை மட்டும் எக்காரணத்தாலும் வீட்டுக்கு எடுத்து வரலாகாது. அது புல் மருந்து, பூச்சி மருந்து, பால் உறைய வைக்கும் ஆசிட் ஆகியவை இருந்த கலன். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு முற்றும் நீங்காது. அதில் குடிநீரோ எண்ணெயோ வைப்பது உயிருக்கே ஆபத்து. மருந்துக் கலனை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனைத் துளையிட்டுத் தோட்ட ஸ்டோரில் ஒப்படைப்பதே முறை. ஆசிட் கலனையும் ஸ்டோரிலேயே சேர்ப்போம்.

எதனைக் காப்பது, எதனை விலக்குவது என்று அறிந்து செயற்படுவதே சிக்கனம். மரத்தடியில் நாம் நாள்தோறும் காட்டும் கவனத்தை வீட்டு வாசலிலும் காட்டுவோமாக!