உணவை மறுத்த சிப்பாய்

படையிற் சேர்ந்தவன் படைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அங்கே குற்றத்தை விசாரிப்போரும் தண்டனை விதிப்போரும் படை அதிகாரிகளே. அத்தீர்ப்பினால் இன்னலுற்றவன் நாட்டின் பொது நீதிமன்றத்தில் முறையிடலாகுமா?

இவ்வினா மிகப் பழையது. 1792ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே கிராண்ட் என்பவன், அரச காவற்படையின் முரசறைவோர் இருவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிற் சேர உதவினான் என்ற குற்றத்துக்காக 1000 கசையடி விதிக்கப்பெற்றான். பொது நீதிமன்றத்தை நாடிய அவன் தோல்வியே கண்டான். ஆயினும் அவ்வழக்கிலே லோபறோ பிரபு வகுத்த விதி நிலைத்துவிட்டது. இராணுவ மன்று தன் அதிகார எல்லையைக் கடந்தால் பொது நீதிமன்றம் தடுக்கும். எல்லைக்குள் நின்று வழங்கிய தீர்ப்பை மேன்முறையீட்டு மன்றம் போல ஆராயாது என்பதே அவ்விதி.

அந்த எல்லை எது என்பதிலேதான் சிக்கல். ஆங்கிலச் சட்ட மரபைப் பெற்ற இந்தியாவில் எழுந்த ரஞ்சித் தாக்கூர் வழக்கு இதனை நன்கு விளக்கும்.

தாக்கூர் இந்திய இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிலே சாதாரணச் சிப்பாய். தம் கட்டளை அதிகாரி தம்மைக் கொடுமைப்படுத்துகிறார் என்று மேலதிகாரிகளுக்கு நேரே எழுதினார். முறை தவறி எழுதியதாக அக்கட்டளை அதிகாரியே அவருக்கு 28 நாட் கடூழியச் சிறை விதித்தார். 1985ஆம் ஆண்டில், அச்சிறையில் இருந்தபோது, உணவை உண்ணுமாறு ஓர் அதிகாரி பணித்தார். தாக்கூர் உண்ண மறுத்தார். கட்டளையை மீறினார் என்பது குற்றச்சாட்டு. சுருக்க இராணுவ மன்று கூடிற்று. தண்டனை, ஓராண்டுக் கடூழியச் சிறையும் பதவி நீக்கமும். இனி எந்த அரசாங்க உத்தியோகத்துக்கும் தகுதியற்றவர் என்ற அறிவிப்பும் உடன் வந்தது. ஒரு வேளைச் சோற்றை மறுத்ததற்கு இத்துணை!

அம்மன்றிலே அமர்ந்தவர் யார்? எவர்மீது சிப்பாய் முறையிட்டாரோ, அக்கட்டளை அதிகாரியே. ஆசிரியத் தொழிலிலுள்ள எமக்கு இது சற்று உறைக்கிறது. தன்மீது அதிபரிடம் முறையிட்ட மாணவனின் விடைத்தாளை அவ்வாசிரியனே திருத்தினால், அவன் நேர்மையாகவே புள்ளியிட்டாலும் அம்மாணவன் நம்புவானா?

மேலதிகாரிகளிடம் செய்த விண்ணப்பம் பயனளிக்கவில்லை. கௌகாத்தி மேல் நீதிமன்றமும் எழுத்தாணை மனுவைத் தொடக்கத்திலேயே தள்ளிற்று. இறுதியில் இந்திய உச்ச நீதிமன்றம், 1987 ஒக்டோபர் 15ஆந் தேதி, தண்டனையை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர், பின்னாளிற் பிரதம நீதியரசரான வெங்கடாசலையா.

அவர் இராணுவ ஒழுங்கை எள்ளளவும் இகழ்ந்தாரல்லர். தண்டனையைத் தெரிவது இராணுவ மன்றின் உரிமை என்றே ஒப்புக்கொண்டார். ஆனால் தம்மை விசாரிக்கும் அதிகாரியை ஆட்சேபிக்கிறாரா என்று குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கேட்கவேண்டும் எனப் படைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு விதிக்கிறது. தாக்கூரிடம் அவ்வாறு கேட்கப்படவில்லை. அக்குறை விசாரணையின் அடித்தளத்தையே தகர்ப்பது என்றார். நீதிபதி தம் உள்ளத்தை நோக்கி, “நான் பக்கஞ் சாராதவன்” என்று அமைதி கொள்வது போதாது; எதிரில் நிற்பவனின் உள்ளத்தையே நோக்கவேண்டும் என்பது அவர் கருத்து. அன்றியும், மனச்சான்று அதிரும் அளவுக்குத் தண்டனை மிஞ்சினால், அந்த மிகையே பக்கச்சார்புக்குச் சான்றாகும் என்றார். கிராண்ட் காலத்து எல்லைக் கோடு இங்கே சற்றே நகர்ந்ததை மாணவர் கவனிக்க வேண்டும். ‘அதிகாரம் உண்டா’ என்ற வினாவோடு, ‘அளவு தகுமா’ என்ற வினாவும் சேர்ந்துகொண்டது.

தாக்கூர் சம்பளமும் ஏனைய உரிமைகளும் பெற்று மீண்டும் சேவையில் அமர்த்தப்பட வேண்டுமெனக் கட்டளை பிறந்தது.

படையினரின் மேன்முறையீடுகளுக்கென ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைக்க 2007ஆம் ஆண்டு இந்தியாவிற் சட்டம் இயற்றப்பட்டது. 2009 முதல் அது இயங்கிவருகிறது. தீர்ப்பாயம் வந்தபின் மேல் நீதிமன்றங்களின் கதவு மூடிற்றா என்ற ஐயம் நெடுநாள் நிலவிற்று. மூடவில்லை, எழுத்தாணை அதிகாரம் இன்னும் உண்டு என்று 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.