மென்சுவரில் கனத்த அலமாரி

சென்னையிலும் கோவையிலும் எழும் புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் அறைச் சுவர்கள் ஏஏசி பிளாக்கால் கட்டப்படுகின்றன. சிமெண்ட், சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பல் கலவையில் சிறிது அலுமினியத் தூள் சேர்த்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, கலவை உப்புகிறது. அதை அழுத்தமேற்றிய நீராவியில் வேகவைத்தால் உடலெங்கும் நுண்துளைகள் நிறைந்த கல் கிடைக்கிறது. ஒரு கனமீட்டர் பொதுவாக 550 முதல் 650 கிலோ வரைதான். செங்கல்லின் எடையில் பாதிக்கும் குறைவு. கட்டடத்தின் சுமையையும் வெப்பத்தையும் குறைக்கும் நல்ல பொருள் இது. ஆனால் செங்கல் சுவருக்குப் பழகிய கைகள் இதிலும் அதே முறையில் துளையிடும்போது, சமையலறையின் மேல் அலமாரி தலைக்கு மேல் தொங்கும் ஆபத்தாகிவிடுகிறது.

60 செ.மீ. அகலமும் 72 செ.மீ. உயரமும் கொண்ட பிளைவுட் அலமாரி காலியாக இருக்கும்போதே ஏறத்தாழ 20 கிலோ. எவர்சில்வர் பாத்திரமும் பருப்பு டப்பாவும் பீங்கான் தட்டும் நிறைந்தால் 60 கிலோவைத் தொட்டுவிடும். அத்தனையும் கீழே இழுக்கிறது. அலமாரி சுவரைவிட்டு முன்னே நீண்டிருப்பதால், மேல் திருகுகளை வெளியே பிடுங்கும் விசையும் 15 கிலோ அளவுக்கு உண்டு. பொருத்தமான பிடிமானத்துக்கு இது பெரிய சுமையே இல்லை. கோளாறு பெரும்பாலும் துளையில் தொடங்குகிறது: ஹேமர் டிரில்லின் குத்து பிளாக்கை உள்ளுக்குள் நொறுக்குகிறது, துளை அகன்றுவிடுகிறது, சாதாரண பிளாஸ்டிக் பிளக் தூளுக்குள் நிற்கிறது. விரிந்து இறுக்கும் ஆங்கர் போல்ட்டும் இங்கே உதவாது; அது விரியும்போதே சுற்றியுள்ள கல் பொடிகிறது. ஒரு திருகு தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துத் திருகுக்கு மாறி, வரிசையே கழன்றுவரும்.

குத்தும் இயக்கத்தை நிறுத்தி, சுழலவிட்டு மட்டுமே துளையிட வேண்டும். மாவு போன்ற வெளிர்த்தூள் வந்தால் ஏஏசி. செந்தூள் வந்தால் செங்கல். டிரில் திடீரென உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். ஏஏசிக்கென்றே தயாராகும் நீண்ட பிளக்குகளும், துளைக்குள் செலுத்தி இறுக வைக்கும் கெமிக்கல் ஆங்கரும் கடைகளில் உண்டு. டைலும் சிமெண்ட் பூச்சும் பிடிப்புக் கணக்கில் சேராது. பிளாக்குக்குள் இறங்கும் நீளமே கணக்கு. தனித்தனித் திருகுகளைவிட, சுவரின் நீளத்துக்கு ஓர் எஃகுப் பட்டியைப் பல இடங்களில் பொருத்தி அலமாரிகளை அதில் மாட்டுவது மேல். கான்கிரீட் தூணோ பீமோ எட்டும் இடத்தில் அதையே பிடித்துக்கொள்ளலாம். குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று அறியாமல் துளையிடவே கூடாது.

மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடைவெளி விழுவது, கதவுகளின் வரிசை கோணுவது, மேடையில் வெள்ளைப் பொடி உதிர்வது ஆகியவை எச்சரிக்கைகள். உடனே அலமாரியைக் காலி செய்து, அடியில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே துளையில் திருகை மறுபடி முறுக்குவது மிகத் தவறான வைத்தியம்.

சுவரின் வகையும் பிடிமானத்தின் வகையும் விலைப்பட்டியலிலேயே எழுதப்பட வேண்டும். அதைக் கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது. விற்பனை ஒப்பந்தப்படி கட்டுமான நிறுவனமே அலமாரி அமைத்துத் தந்த வீடென்றால், 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு துணை நிற்கும்: வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைக் குறையை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். தனியாக ஒரு மாடுலர் கிச்சன் நிறுவனம் செய்த வேலையென்றால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. விழுந்த அலமாரியை அப்புறப்படுத்துமுன் துளைகளைப் படமெடுத்து, கழன்ற பிளக்குகளையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.