உங்களுக்குத் தெரியுமா? எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பிரெட்

● ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. மிஞ்சுவது குறுகிய குழாய்தான்.

● மிருதுவான பிரெட் எச்சிலில் ஊறி, பசைபோல் உருண்டு அந்தக் குழாயை அடைக்கும். நெஞ்சு இறுகும், வாந்தி வரும். மைதா புரோட்டாவும் அப்படித்தான்.

● முதல் சில வாரங்கள் திரவமும் மசித்த உணவும் மட்டுமே. டாக்டர் அனுமதித்த பிறகு, மொறுமொறுப்பாக வாட்டிய பிரெட் துண்டு பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

● மாற்று: பாசிப்பருப்பு தோசை, சாம்பாரில் ஊறிய அரை இட்லி.

● தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. எனவே முட்டை, மீன், பருப்பு முதலில். மாவுப் பண்டம் கடைசியில்.

● சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே தண்ணீர் குடியுங்கள்.