தபால் இலாகா தந்த சினிமா சரித்திரக்காரர்

சினிமா விமர்சகர் என்றால் வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் மதிப்பெண் இட்டுத் தீர்த்துவிடுகிறவர் என்கிற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சு. தியடோர் பாஸ்கரன் அவர்களின் உழைப்பை அளக்கப் புகுந்தால் ஒன்றும் பிடிபடாது. 1940-இல் தாராபுரத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சரித்திரம் பயின்று, ஆவணக் காப்பகத்தில் சிறிது காலம் இருந்து, பின்பு தபால் இலாகாவில் சேர்ந்து அதன் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றை வகித்து ஓய்வுபெற்ற இவர், உத்தியோகம் போக மிஞ்சிய நேரத்தில் பறவைகளையும் பழைய படங்களையும் ஒரே சிரத்தையோடு கவனித்து வந்தார் என்பதே இவரது வாழ்க்கையின் சுருக்கம். அவற்றுள் பறவைகளைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம்.

1981-இல் க்ரியா பதிப்பகம் வெளியிட்ட ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்னும் ஆங்கில நூலில், 1880 முதல் 1945 வரையில் தென்னாட்டு நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்தோடு கொண்டிருந்த சம்பந்தத்தை அவர் ஆராய்ந்தார். அதுவரையில், சுதந்திரப் போராட்டத்தின் சரித்திரம் என்பது தலைவர்களின் மேடைப் பேச்சிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் அடங்கியது என்றே படித்தவர்கள் கருதி வந்தார்கள். கூத்தாடிகள் என்று அவர்கள் ஒதுக்கிய மனிதர்கள், எழுத்து வாசனை அறியாத லட்சக்கணக்கான ஜனங்களிடம் காந்தியின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதைத் தக்க ஆதாரங்களோடு நிலைநாட்டியது அந்தப் புத்தகம். அந்நூலைப் படிக்கிற கோவில்பட்டி வட்டாரக் கரிசல்காட்டுக்காரர் எவருக்கும், தம் வீட்டுப் பழங்கதையை ஒருவர் அந்நிய பாஷையில் சொல்லக் கேட்பது போன்ற உணர்ச்சி உண்டாகாமல் இராது.

ஏனென்றால் அந்தக் கதையின் மூலபுருஷர்களில் ஒருவரான நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். மேடையில் தேசபக்தியைப் பாடிப் பலமுறை சிறை சென்ற எஸ். எஸ். விசுவநாத தாஸ், கோவில்பட்டிக்கு வடக்கே சிவகாசியில் பிறந்தவர். நாடகமோ வள்ளி திருமணம், வேஷமோ முருகன், ஆனால் தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற பாட்டு எப்படியோ திரும்பி, வெள்ளைக்காரனை விரட்டுகிற பாட்டாகிவிடும். சபையோருக்கு அர்த்தம் புரிந்து ஆரவாரம் எழும். போலீஸாருக்கும் அர்த்தம் புரிந்துவிடும். 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மயில் ஆசனத்தில் வீற்றிருந்தபடியே அவர் உயிர் நீத்தார். மருத்துவர் குலத்தில் பிறந்த அவரோடு சேர்ந்து நடிக்கத் தயங்கிய நடிகைகளும் அக்காலத்தில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம் நிறைவுபெறும்.

நாடகம் போன வழியே சினிமாவும் போயிற்று. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தணிக்கை வந்தது. 1937-இல் ராஜாஜியின் மந்திரிசபை அமைந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது. அந்தச் சொற்ப இடைவெளியில்தான் கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்ரமணியம் எடுத்த ‘தியாகபூமி’ 1939-இல் வெளிவந்தது. மந்திரிசபை விலகிய பின் படம் தடைசெய்யப்பட்டது. ஒரு படத்தின் தைரியம் டைரக்டரின் நெஞ்சுரத்தை மட்டும் பொறுத்ததன்று, கோட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது என்ற விஷயம் இன்றைக்கும் பழசாகிவிடவில்லை.

1996-இல் வந்த ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்’ தமிழ் சினிமாவைப் பற்றிய விரிவான அறிமுக நூல். சினிமா பற்றிய சிறந்த புத்தகத்துக்கான தேசிய விருதாகிய தங்கத் தாமரை அதற்குக் கிடைத்தது. தமிழ்ப் படம் காட்சிக் கலையாக வளராமல் பேச்சுக் கலையாகவே நின்றுவிட்டது, நாடகமேடையிலிருந்து வந்த வசனமும் பாட்டும் காமிராவின் கண்ணை மறைத்துவிட்டன என்பது பாஸ்கரன் தம் எழுத்துக்களில் திரும்பத் திரும்ப வற்புறுத்தும் குறை. இதில் எனக்குப் பாதி சம்மதமே உண்டு. கம்பும் பருத்தியும் வீடு வந்து சேர்ந்த பிறகு டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் உட்கார்ந்த கரிசல் சம்சாரி, பார்க்க மட்டுமா வந்தான்? கதை கேட்டே வளர்ந்த ஜனங்கள் வசனம் கேட்கவும் வந்தார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-இல் வெளியான பிறகு, இந்த வட்டாரத்தில் கட்டபொம்மனுக்கு ஒரு குரல் வந்துவிட்டது. அது சிவாஜி கணேசனின் குரல். கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில், 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் நிற்கிற சிலையை நிறுவியவரும் அந்த நடிகரே. சினிமா இங்கே சரித்திரத்தைக் காட்டியதோடு நில்லாமல் சரித்திரத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. வெறும் காட்சி அழகை வைத்து இதை விளக்கிவிட முடியாது.

ஆனால் கண்ணால் பேசுகிற படம் வேண்டும் என்ற பாஸ்கரனின் கட்சிக்கும் இதே மண்ணில் சாட்சி உண்டு. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பெண் குழந்தைகளைப் பற்றிக் கோவில்பட்டி எழுத்தாளர் பூமணி எழுதி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’, இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை ஆதாரமாகக் கொண்டு அம்ஷன் குமார் எடுத்த ‘ஒருத்தி’ ஆகிய இரண்டும் ஆரவாரமில்லாத படங்கள். அம்ஷன் குமாரும் ‘சினிமா ரசனை’ எழுதிய விமர்சகர் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்விரு படங்களையும் இந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் சந்தோஷமாக இராது.

பாஸ்கரனின் முறையில் நான் மிகவும் மதிப்பது, உதாசீனம் செய்யப்பட்ட தாள்கள் மீது அவர் வைத்த மரியாதை. பாட்டுப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகை வாசலில் சில காசுகளுக்கு விற்ற மெலிந்த புத்தகம். அட்டையில் கதாநாயகியின் படம். உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம். கதை உச்சத்தை எட்டும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிட்டுப் பாட்டுகள் தொடங்கிவிடும். முதல் தமிழ்ப் பேசும்படமென்று சொல்லப்படும் 1931-ஆம் ஆண்டுக் ‘காளிதாஸ்’ இன்று இல்லை. தென்னாட்டு மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே தப்பிப் பிழைத்தது. படம் அழிந்தபின் இந்தத் தாளே சாட்சி. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த இத்தகைய தாள்களும் நூல்களும் சென்னையில் அவர் பெயரால் நூலகமாயின. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பாஸ்கரன் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார் என்பது வெகு பொருத்தம்.

கரிசலில் அப்படி ஒரு சேகரிப்புக்குக் கைவைத்தவர் யார்? நட்சத்திரங்களின் முகம் அச்சிட்ட தீப்பெட்டி லேபிள்களும், சிவகாசி காலண்டர்களும், ஸ்பெஷல் நாடக நோட்டீஸ்களும் இந்த வட்டாரத்தின் கலைச் சரித்திரமல்லவா? ஆகையால் கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பாட்டுப் புத்தகமோ, நாடக நோட்டீஸோ, கொட்டகை லைசென்ஸோ கிடக்குமானால், அதைப் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரோஜா முத்தையா நூலகம் தரமணியில் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.