ஒரே கோர்ட், இரண்டு கூலி

தீபிகா பள்ளிக்கல் ஏன் நாலு வருஷம் தேசியப் போட்டிக்கே போகவில்லை என்று கேட்டீர்களே அண்ணாச்சி, டீயைக் குடியுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

தீபிகா 1991-ல் பிறந்த சென்னைப் பெண். ஆடுவது ஸ்குவாஷ். நாலு சுவருக்குள் இரண்டு பேர். நடுவில் வலை கிடையாது. முன்சுவரில் பட்டுத் திரும்பும் பந்து தரையில் இரண்டாம் தடவை குத்துவதற்குள் அடித்துவிட வேண்டும். 11 புள்ளிக்கு ஒரு கேம். மூன்று கேம் எடுத்தவர் ஜெயித்தார்.

இதில் மாதச் சம்பளம் இல்லை. நாடு நாடாகப் போய் ஆடினால்தான் ரேங்கிங் புள்ளி சேரும். ரேங்க் ஏறினால்தான் பெரிய போட்டிகளில் இடம். விமான டிக்கெட், தங்குமிடம், கோச் எல்லாவற்றுக்கும் பரிசுப் பணமும் ஸ்பான்சரும்தான் கதி. அப்படியென்றால் பரிசு என்பது வெகுமதி இல்லை, கூலி.

2011-ல் தீபிகா தேசிய சாம்பியன். 2012 கடைசியில் உலகின் முதல் பத்துக்குள் வந்தார். இந்தியப் பெண்களில் அவர்தான் முதல் ஆள். அந்த ஆண்டிலிருந்து 2015 வரை தேசியப் போட்டியில் அவர் ஆடவில்லை. காரணம் பரிசுப் பணம்தான். 2015-ல் ஆண் சாம்பியனுக்கு 1,20,000 ரூபாய், பெண் சாம்பியனுக்கு 50,000 என்று வைத்திருந்தார்கள். நம்ம பக்கம் ஒரே வயலில் இறங்கினாலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கொடுக்கிறார்களே, அதே கணக்குத்தான்.

“ஆண்கள் ஆட்டத்துக்குத்தானே மதிப்பு?” என்பீர்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்குவாஷில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தது யார்? தீபிகாவும், அதே சென்னையின் ஜோஷ்னா சின்னப்பாவும். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க ஓப்பன் ஸ்குவாஷில் இரு பாலருக்கும் சமப் பரிசு வந்தாயிற்று.

2016-ல் இங்கேயும் பரிசைச் சமமாக்கினார்கள். தீபிகா திரும்பி வந்து ஆடினார். 2021-ல் இரட்டைக் குழந்தை பெற்றார். ஆறே மாதத்தில், 2022 ஏப்ரலில், ஜோஷ்னாவோடு ஒன்றும் இந்திய வீரர் சௌரவ் கோஷலோடு ஒன்றுமாக இரண்டு உலக இரட்டையர் பட்டங்கள்.

அந்தப் பட்டங்களுக்குக் கொஞ்சமும் குறையாத சாதனை, அவர் ஆடாமல் இருந்த நாலு வருஷம். தனக்குப் பின்னால் வரும் பெண்களின் கூலியையும் அதில்தான் உயர்த்தினார். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முதலாக வருகிறது. அதைப் பார்த்து நம்ம திருவேங்கடம் ஊர்ப் பெண்பிள்ளை ஒன்று மட்டையைக் கேட்கலாம். ஸ்குவாஷோ கபடியோ, அவளைப் போட்டிக்கு அனுப்பும்போது நோட்டீஸில் பையன்களுக்கு எவ்வளவு, பொண்ணுகளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். குறைத்திருந்தால், ஏன் என்று நீங்களே கேளுங்கள், அண்ணாச்சி.